மாலையில் புளி அறை மெஷினை ஏன் நிறுத்துகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வருகிறது. "சாயங்காலம் வந்தால் கிடங்கில் மெஷின் சத்தமே இல்லையே, எங்க புளி என்ன ஆகும்?" என்று அரூர் வியாபாரிகள் கேட்கிறார்கள், பாலக்கோட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு வருஷச் சரக்கை எங்கள் குளிர்பதனக் கிடங்கை நம்பி இறக்கிவிட்டுப் போகிறீர்கள். போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட, முழுவதையும் எழுதியே கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம்.

ஆமாம், புளி அறைகளைக் குளிர்விக்கும் மெஷினான கம்ப்ரசரை மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நிறுத்தி வைக்கிறோம். காரணம் மின் கட்டணம். நம் கிடங்குக்கு உயரழுத்த இணைப்பு. காலையிலும் மாலையிலும் உச்ச நேரம் என்று மின்வாரியம் வகுத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஓடும் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரவு 10 முதல் அதிகாலை 5 வரை ஓட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. காலையில் கதவு திறந்து சரக்கு இறங்கும் என்பதால் அப்போது நிறுத்த வழியில்லை. மாலையில் முடியும்.

ராத்திரி ஓட்டுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அறைக்குள்ளிருந்து எடுக்கும் சூட்டைக் கம்ப்ரசர் வெளிக்காற்றில்தான் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். சித்திரை மாத மதியத்தில் தர்மபுரிக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அனலில் தள்ளுவதற்கு மெஷின் அதிகம் முக்க வேண்டும். சூட்டை வெளிக்காற்றில் விடும் பாகமான கண்டன்சரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தாலே மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் குறையும். ராத்திரிக் காற்றில் அது தானாகவே குறைகிறது.

சரி, நாலு மணி நேரத்தில் புளி சூடாகாதா? ஆகாது. அறை நிறைய அடுக்கியிருக்கும் மூட்டைகளே குளிரைப் பிடித்து வைத்திருக்கின்றன. சுவரும் மேற்கூரையும் சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை (பஃப் பேனல்). கதவைத் திறக்காத வரை உள்ளே கசியும் சூடு கொஞ்சம்தான், அதுவும் அத்தனை டன் சரக்கில் பரவிவிடுகிறது. அறைக்காற்று ஒரு டிகிரி போல ஏறும். மூட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கும் தெர்மாமீட்டர் அநேகமாக அசைவதே இல்லை. புளி கறுப்பது சூட்டில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் கிடப்பதால். 5 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும் புளிக்கு இந்த நாலு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு மணி எழுதும் வெப்பநிலைப் பதிவேடு ஆபீசில் இருக்கிறது. உங்கள் அறை எண்ணைச் சொல்லி எந்தத் தேதியை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள்.

தக்காளி, காய்கறி அறைகளில் இப்படி நிறுத்துவதில்லை. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, உள்ளுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே கூடுதல் கட்டணத்தைக் கொடுத்துத்தான் ஓட்டுகிறோம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வழிகளைத் தேடியபோது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து நல்ல யோசனைகள் கிடைத்தன. கனடாவில் கர்லிங் என்று ஒரு விளையாட்டு பிரபலம். அரங்கத் தரை முழுக்க பனிக்கட்டி உறைய வைத்து, 20 கிலோவை ஒட்டிய கிரானைட் கல்லை அதன்மேல் வழுக்கி விடுவார்கள். 1998 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கப் போட்டியாக இருக்கிறது. அங்கே சின்ன ஊர்களில்கூட இதற்குக் கிளப் உண்டு. உறுப்பினர் சந்தாவை வைத்துக்கொண்டு கரண்ட் பில்லோடு போராடும் கிளப்புகள் நிறைய. அவர்கள் முதலில் பார்ப்பது பனியின் தடிமன். குளிர்க்குழாய்கள் தரைக்குள் ஓடுகின்றன. மேலே பனி தடித்தால் குளிர் அதைத் தாண்டி வர வேண்டும், அதற்காகக் குழாயை இன்னும் அதிகமாகக் குளிர்விக்க வேண்டும், மெஷின் அதிகம் ஓட வேண்டும். நம் அறைகளில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளின் மேல் உறையும் பனி செய்வதும் அதேதான், கூடவே காற்றையும் அடைத்துவிடுகிறது. இப்போதெல்லாம் கடிகாரத்தை வைத்து டீஃப்ராஸ்ட் (சூடேற்றிப் பனியை உருக்குவது) போடுவதில்லை. பனி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் போடுகிறோம். தேவையில்லாமல் போட்டால் அந்தச் சூடும் அறைக்குள்தான் சேரும்.

கூரையின் சூடு கதிராகக் கீழே பனியில் இறங்காமல் இருக்க அவர்கள் உட்கூரையில் பளபளப்பான ஷீட் ஒட்டுகிறார்கள். நமக்கு எதிரி வெயில்தான் என்பதால் தகரக் கூரைக்கு வெளிப்புறம் வெயிலைத் திருப்பி விடும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். கம்ப்ரசரின் கழிவுச் சூட்டில் அவர்கள் வெந்நீரும் போட்டுக்கொள்கிறார்கள். நமக்கு அவ்வளவு வெந்நீர் தேவையில்லை, விட்டுவிட்டோம்.

எங்கள் மனசுக்கு ரொம்பப் பிடித்தது ஃபேன் வேலை. ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அறைக்குள் ஓடும் ஃபேன் தின்னும் ஒவ்வொரு யூனிட்டும் சூடாக அறையிலேயே விழுகிறது, அதைக் கம்ப்ரசர் மறுபடி வெளியே எடுக்க வேண்டும். ஆக, மிச்சம் இரண்டு பக்கமும். அறை குளிர்ந்து நிலைக்கு வந்ததும் வேகம் தானாகக் குறையும்படி டிரைவ் மாட்டியிருக்கிறோம். "காத்து கம்மியா வருதே" என்று சிலர் கவலைப்பட்டார்கள். அறை நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி உங்களிடம் கேட்பது. தக்காளியை அதிகாலையில் கொண்டுவாருங்கள், முடிந்தால் 6 மணிக்குள். ஒரு டன் தக்காளியை 10 டிகிரி குளிர்விக்க சுமார் 11 யூனிட்டுக்குச் சமமான சூட்டை வெளியே எடுக்க வேண்டும். மெஷினுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் ஆகும். மதிய வெயிலில் வண்டியிலேயே கிடந்து வரும் லோடுக்கும் விடியற்காலையில் பறித்து வரும் லோடுக்கும் இந்த 10 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். காயும் கூடுதல் நாள் தாங்கும், அந்த லாபம் உங்களுடையது.

பெரிய லோடு என்றால் முதல் நாளே ஒரு போன் போடுங்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இழுத்தால், கொஞ்ச நேரமே ஆனாலும், அந்த மாத டிமாண்ட் கட்டணம் அந்த உச்சத்தை வைத்துத்தான் வரும். முன்னாடியே தெரிந்தால் அறைகளை மாற்றி மாற்றி ஓட்டுவோம். மாலை 6 முதல் 10 வரை புளி அறைக் கதவைத் திறக்க மாட்டோம். ஒரு மூட்டை சாம்பிள் எடுப்பதாக இருந்தாலும் 5 மணிக்குள் வந்துவிடுங்கள். கதவில் தொங்கும் பட்டைத் திரையை ஓரமாகக் கட்டிவைக்க வேண்டாம் என்று உங்கள் லோடுமேன்களிடமும் சொல்லுங்கள்.

"இன்னும் குளிரா வைங்க, நாள் தாங்கும்" என்று மாங்காய் விவசாயிகள் கேட்பதுண்டு. அதை மட்டும் செய்ய மாட்டோம். 12 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்து, பழுப்பதும் கெட்டுவிடும்.

இந்தச் சீசனுக்கு மூட்டை வாடகையை உயர்த்தவில்லை. பழைய வாடகையே தொடர்கிறது. புதுப்புளி வைக்க இருப்பவர்கள் அறைக்கு இப்போதே பெயர் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
குளிர்பதனக் கிடங்கு நிர்வாகம்,
தர்மபுரி