காயல் திட்டில் ஆலாக்களுக்குச் செய்த திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களே, "பறவைக்கு எதுக்குடே திருப்பணி?" என்று சிரித்தவர்களும் பணம் தந்திருக்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம். மணக்குடிக் காயல் ஓரம், உப்பு எடுக்காமல் கிடந்த பாத்திகளில், ஆலா என்கிற மீன் பிடித்துத் தின்னும் நீர்ப்பறவை நிம்மதியாக முட்டையிட நாம் தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. வரவு செலவு ரசீதுகளோடு வாசகசாலை நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

சிறு ஆலா கூடு கட்டாது. வெறுந்தரையில் லேசாகக் குழித்து இரண்டு மூன்று முட்டை இடும், மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு அவை சிப்பித் துண்டுகளுக்கு நடுவே கிடந்தால் மிதிக்கிற வரைக்கும் நம் கண்ணில் படாது. பொரிக்க சுமார் மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னும் மூன்று வாரம். அதற்குள் நாயோ நாமோ கிட்டே போய்த் தாய் எழும்பி நின்றுவிட்டால் நம்மூர் வெயிலில் முட்டை அவிந்துபோகும். உலகில் கணக்கெடுத்துவரும் கடற்பறவைக் கூட்டங்கள் 1950 முதல் 2010க்குள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்ததாக ஒரு ஆய்வு சொல்கிறது. தூண்டில், வலை, எலி, பிளாஸ்டிக் என்று காரணம் பல, நம் கைக்கு எட்டியது நாயும் காகமும்தான்.

செலவில் பெரும்பங்கு கம்பி வேலிக்குப் போனது. ஆனால் உண்மையைச் சொன்னால், வேலியைவிடப் பலன் தந்தது காசே செலவாகாத ஒரு வேலை: வரப்போரம் கொட்டிவந்த மீன் கழிவைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னது. குவியல் போனதும் நாயும் போயிற்று, காகம் பாதியாகிவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள், கேளுங்கள், பதில் இல்லை.

மரப்பொம்மை விஷயத்துக்கு வருவோம். ஆலாக்கள் கூட்டமாகத்தான் இறங்கும் என்பதால் மரத்தில் செதுக்கிய ஆலாக்களை வேலிக்குள் நட்டோம். பெயிண்ட் அடித்தவர் வள்ளத்துக்கு அடிக்கிற பளபள எனாமலை அடித்துவிட்டார், வெயிலில் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மங்கலாக அடிக்க ஒரு வாரம் போயிற்று. வேலிக்குள் ஒரு ஆலாகூட முட்டை இடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவை இறங்கியது பழைய மோட்டார் ஷெட் பக்கத்துத் திட்டில்! அங்கே நாம் வைத்திருந்தது செங்கல்லில் சாய்த்த பழைய நாட்டு ஓடுகள் மட்டும்தான், செம்பருந்து வட்டமிட்டால் குஞ்சு ஓடி ஒளிய. ஒரு மத்தியானம் ஓட்டு நிழலில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது, தாய் வாயில் வெள்ளிக் கீற்றாக ஒரு மீனோடு தலைக்குமேல் கத்தியது. நாங்கள் அப்படியே பின்னால் நகர்ந்துவிட்டோம். அப்புறம் வேலியில் ஒரு பகுதியைக் கழற்றி அந்தத் திட்டைச் சுற்றிப் போட்டாயிற்று.

பொம்மைகளைத் தூக்கி எறியச் சொல்கிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையோரத் தீவில் ஸ்டீபன் கிரெஸ் என்ற பறவை ஆய்வாளர் 1973இல் பஃபின் என்கிற கடற்பறவையின் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கினார், பிறகு பொம்மையும் வைத்தார், அங்கே பஃபின்கள் முட்டையிட்டது 1981இல்தான். நமக்கு ஒரு பருவம்தான் ஆகியிருக்கிறது.

மிச்சம் இருப்பது தங்கூஸ், அதாவது தூண்டில் நரம்பு, பொறுக்குகிற வேலை. பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அறுத்துப்போட்ட நரம்பு காலில் சுற்றினால் பறவை அவ்வளவுதான். ஞாயிறு காலை இரண்டு பேர் குறைகிறார்கள், வருகிறவர்கள் வாசகசாலையில் பெயர் கொடுங்கள். ஷெட் சாவியும் அங்கேதான் இருக்கிறது.