மூன்று இல்லை, நான்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில் ஒரு புதிர். அசையாத பெரிய சக்கரத்தின் விட்டம் சின்னதைப் போல மூன்று மடங்கு. சின்னது வழுக்காமல் அதன் வெளிவிளிம்பில் உருண்டு ஒரு வலம் வந்தால் தன்னைத்தானே எத்தனை சுற்றுச் சுற்றும்? விடை மூன்று என்று போட்டிருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். "இதில் குழம்ப ஒன்றுமில்லை" என்று ஒரு வரி சேர்த்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விடை நான்கு. அதே நீளம் நேர்கோட்டில் உருண்டால் மூன்று; வட்டத்தை வலம் வருவதால் ஒன்று கூடும். உள்விளிம்பில் உருண்டால் ஒன்று குறைந்து இரண்டு. 1982இல் அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் இதே கணக்கு வந்தபோது, தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த ஐந்து விடைகளில் "நான்கு" என்ற விடையே இல்லை. மூன்று மாணவர்கள் எழுதிக் கேட்க, தேர்வை நடத்தியவர்கள் தவறை ஒப்புக்கொண்டார்கள். தாங்கள் அறியாததா?

கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டியே காலம் தள்ளியவன் நான். நடு கியருக்கும் வெளி ரிங்குக்கும் இடையில் சின்ன கியர்கள் உருளும் பிளானட்டரி செட் ஒன்றில், வெளி ரிங்குக்கு 72 பல், நடு கியருக்கு 24. ரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டு நடு கியரைத் திருப்பினால், அது நான்கு சுற்றுப் போன பிறகுதான் சின்ன கியர்களைத் தாங்கும் கேரியர் ஒரு சுற்று வரும். மூன்று என்று நம்பி லோடு கணக்குப் போட்டிருந்தால் சூப்பர்வைசர் என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஆரியபட்டரின் பெருமையை வாராவாரம் எழுதுகிறீர்கள். 43,20,000 ஆண்டுகளில் பூமி 158,22,37,500 முறை சுழல்கிறது என்றவர் அவர். அதே காலத்துக்கு அவர் கணக்கில், சூரிய உதயத்தை வைத்து எண்ணும் நாட்கள் 157,79,17,500. கழித்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு சுற்று அதிகம். சூரியனை வலம் வரும் பூமிக்கும் அந்தச் சின்னச் சக்கரத்துக்கும் ஒரே கதைதான்.

முன்பு சைக்கிள் படத்தில் செயினை இடப்பக்கம் வரைந்திருந்தீர்கள். விளக்கி எழுதினேன். "தங்கள் இதழ் நன்று" என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டீர்கள். விலையை ஏற்றியபோது பக்கத்தைக் குறைத்தீர்கள், அதையும் பொறுத்தேன். ராசிபலனுக்கு மட்டும் இன்றுவரை முழுப் பக்கம்.

என் பேத்தி நான்கு என்றுதான் அட்டை எழுதிப் போட்டாள். பரிசுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. திருத்தம் போட இடமில்லை என்றாலும் அந்தப் பரிசுப் பேனாவையாவது அனுப்பிவையுங்கள். முகவரி அவள் அட்டையிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர், அம்பத்தூர்