கோணேசர் கோயில் பாதையில் கடை வைத்திருப்போருக்கும் அங்கு வருவோருக்கும்

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரைக்கும் கடை வைத்திருக்கும் அண்ணாமார், அக்காமாருக்கும், நகரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும், மலைக்கு வரும் அடியார்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்கின்றன. இது உங்களில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் பஸ் நிலையப் பக்கத்திலும் மான் குப்பைப் பையை இழுத்துக் கிழிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம், அதுதான் என் கவலை. அந்தப் பை உள்ளே போனபிறகு நடப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடுமாடுகளைப் போல மானும் அசைபோடும் பிராணி. இரைப்பையில் நான்கு அறைகள். மேய்ந்த புல் முதலில் பெரிய அறைக்குள் விழுந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, மறுபடி வாய்க்கு வந்து அரைபட்டு, நன்றாகப் பொடிந்தபிறகுதான் அடுத்த அறைக்கு இறங்கும். அந்த வழி குறுகலானது. பொலித்தீன் புளிக்காது, பொடியாது. எனவே முதல் அறையிலேயே தங்கிவிடும். அடுத்த பையும் கயிற்றுத் துண்டும் அதோடு சுற்றிக்கொண்டு உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்தே இருப்பதால் மான் மேய்வதைக் குறைக்கிறது. மேய்ந்தாலும் புல்லுக்கு உள்ளே இடமில்லை. வயிறு நிறையப் பொலித்தீனை வைத்துக்கொண்டு அது பட்டினியால் சாகிறது.

பை இல்லாமல் பாணும் பணிசும் கொடுத்தால் சரிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். சரியில்லை. புல்லுக்கும் இலைக்கும் பழகிய வயிறு அது. மாவும் சோறும் அளவுக்கு மீறிப் போனால் வேகமாகப் புளித்து அமிலம் கூடும், புல்லைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அழியும். அன்போடு நீட்டும் கைதான், ஆனாலும் மானுக்கு அது நோய்.

எங்கள் கிழக்கிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கே அந்தக் கதி.

புள்ளிமான் இயற்கையாக வாழும் நாடுகள் இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, இவ்வளவுதான். அதில் ஒரு கூட்டம் நகரத்தின் நடுவில், 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லால் கட்டிய கோட்டைக்குள், எங்களோடு வாழ்கிறது. எத்தனை ஊருக்கு இது வாய்க்கும்? அடியார்களே, நீங்கள் கும்பிடப் போகும் சிவன் கையில் மானை ஏந்தியிருப்பவர். அவரைக் கும்பிட்டுவிட்டு இறங்கும் வழியில் வாழைப்பழத் தோலைப் பையோடு முடிச்சுப் போட்டு எறிவது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது. பழ வாசனைக்கு வரும் மானுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடுதான் விழுங்கும்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் கேட்பது இதுதான். சோற்றுப் பொதி கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்கும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. அப்புறமும் அது கைக்குக் கை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்காதீர்கள். மிஞ்சிய சோறு கறியைப் பையில் கட்டி இரவில் வாசலில் வைக்காமல், மூடியுள்ள வாளியில் போட்டு உள்ளே வைத்து, காலையில் குப்பை வண்டி வரும்போது கொடுங்கள். கடையில் இடம் குறைவு, மணக்கும் என்பீர்கள், எனக்கும் தெரியும். நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரு பெரிய பீப்பாய் வைத்தால் அந்தச் சிரமம் பாதியாகும். மான் தலையை விடமுடியாத தொட்டிகளை நகரத்தில் வைப்பது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. அதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்கவேண்டும்.

குட்டிகளை நாய் கடிப்பதும், இரவில் வாகனத்தில் அடிபடுவதும் தனிக் கதை. ஆனாலும் குப்பை வாசனைதான் மானைத் தெருவுக்கு இழுக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

கோடையில் புல் காய்ந்துவிடுகிறதே, அப்போது என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்மையான அக்கறையோடு கேட்கிறார்கள். அப்போது மானுக்கு வேண்டியது தண்ணீரும் பச்சைத் தீவனமும். எங்கே, எவ்வளவு வைப்பது என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்து மிருக வைத்தியர்களிடம் கேட்டுச் செய்வோம்.

கோயில் பாதைக் கடைக்காரர்களிடம் கடைசியாக ஒன்று. அர்ச்சனைச் சாமானைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுப்பதை வரும் சிவராத்திரிக்கு முன் நிறுத்த முடியுமா? பனையோலைப் பெட்டியில் கொடுங்கள், கோயிலால் திரும்பும்போது பெட்டியை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நட்டம் வரலாம். ஆகவே எல்லோரும் கூடிப் பேசி ஒரே நாளில் தொடங்குங்கள். கூட்டம் வைப்பதென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர்