புரைதீர்ந்த நன்மை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்த அன்பர், தம் தாயாருக்கு வந்தது புற்றுநோய் என்பதைக் கடைசிவரை அவருக்குத் தெரியாமல் காத்ததை மனநிறைவோடு விவரித்து, ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்னும் 292-ஆம் குறளை அதற்கு அரணாகக் காட்டியிருந்தார். அவருடைய அன்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அதே குறள் அதே காரியத்துக்காக என் வீட்டிலும் சொல்லப்பட்டது. சொன்னவள் நான்தான். தமிழாசிரியையாகப் பணியாற்றியவள் என்பதால் வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தந்தை கிராமத் தபால்காரராக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த அந்நாளில், கடிதத்தைக் கையில் கொடுப்பதோடு தபால்காரரின் வேலை முடிந்துவிடாது. திண்ணையில் உட்கார்ந்து படித்தும் காட்ட வேண்டும். இனிமேல் பணம் அனுப்ப வழியில்லை என்று பம்பாயிலிருந்து மகன் எழுதியதையும், கட்டிக்கொடுத்த பெண் புகுந்த வீட்டில் படும் பாட்டையும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படிப்பார். மெதுவாகப் படிப்பார், படித்து முடித்ததும் சைக்கிளை எடுத்துவிடாமல், ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, அவர்கள் அழுது ஓயும்வரை இருந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். மணியார்டருக்குக் கைநாட்டு வாங்கும்போதும், தொகையை வாய்விட்டுச் சொல்லி, நோட்டுகளை எண்ணிக் கையில் வைத்த பிறகே மையை நீட்டுவார்.

அவருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்றும், அது கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றும் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சொன்னபோது, அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் எங்களைத்தான் உள்ளே அழைத்தார். “அப்பாவிடம் அல்சர் என்று சொல்லிவிடுங்கள்” என்று அண்ணன் கேட்டுக்கொண்டதற்கு அவர் உடனே தலையசைத்தார். அப்படிக் கேட்பது அங்கே அன்றாட வழக்கம் என்பது அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது. அன்று முதல் வீடு முழுவதும் பொய்க்கு வேலை செய்தது. மருந்து அட்டைகளை உறையிலிருந்து எடுத்துவிட்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தோம். புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகை கண்ணில் படாமலிருக்க, நடக்கவே சிரமப்பட்டவரைப் பின்வாசல் வழியாகச் சுற்றி அழைத்துப்போனோம். சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் வந்தபோது, அண்ணன் அதன் மேல்பாதியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கீழே கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினான். ஒரு கிழவியின் கைநாட்டைக்கூடத் தொகை சொல்லாமல் வாங்காத மனிதர், அந்தக் கையையும் எங்கள் முகங்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் குறளுக்கு வருகிறேன். ‘புரைதீர்ந்த’ என்னும் சொல்லை நாம் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறோம். நன்மை பயந்தால் போதும் என்று வள்ளுவர் சொல்லவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்கிறார். அந்த நன்மை பிறர்க்கு விளைவதாக இருக்க வேண்டும் என்பதைப் பரிமேலழகர் தெளிவாக்குகிறார். கேட்டையோ சாவையோ எய்த நின்ற ஓர் உயிர், அந்தப் பொய்யினாலேயே அதிலிருந்து நீங்கி இன்புறுவதுதான் அத்தகைய நன்மை என்றும் விளக்குகிறார். விரட்டி வரும் கொலைகாரனிடம் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லும் பொய் இந்த விளக்கத்துக்குள் அடங்கும். அல்சர் என்று நாங்கள் சொன்ன பொய்யால் என் தந்தையின் சாவு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. தப்பித்தவர்கள் நாங்கள்தான். அவர் எதிரே உட்கார்ந்து அவருடைய பயத்தைப் பார்க்கும் வேதனையிலிருந்து தப்பித்துக்கொண்டோம். வகுப்பில் ஆண்டுதோறும் இந்த உரையை நடத்தியவள், என் வீட்டுக்கு வந்ததும் குறளின் முதல் பாதியை மட்டும் சொன்னேன். தன் நெஞ்சு அறிந்தே பொய்த்தவனை அந்த நெஞ்சே சுடும் என்று அடுத்த குறள் சொல்வதை, அவர் போன பிறகுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நொடியே உயிர் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கம்பனில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. காட்டிலிருந்து தேர் திரும்பியதும் தசரதன், ‘நம்பி சேயனோ அணியனோ’ என்று சுமந்திரனிடம் கேட்கிறான். மூங்கில் ஓங்கிய காட்டுக்குத் தம்பியோடும் சீதையோடும் இராமன் போய்விட்டான் என்று சுமந்திரன் சொல்ல, ‘என்ற போழ்தத்தே ஆவி போனான்’ என்று கம்பன் முடிக்கிறான். ஆனாலும் சுமந்திரன் பழிக்குரிய செயல் செய்ததாகக் கம்பன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தசரதனைக் கொன்றது மகனைப் பிரிந்த துயரம். அது சுமந்திரன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் மார்பில் இருந்தது. தூரமா, அருகிலா என்று கேட்கும் உரிமை சாகப்போகிறவனுக்கு இருந்தது, கேட்டதற்கு விடையும் கிடைத்தது.

என் தந்தையும் கேட்டார். ஒரு நாள் இரவு, நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, “எத்தனை நாள்னு சொல்லியிருக்காங்கம்மா?” என்றார். “அல்சருக்கு யாராவது நாள் குறிப்பாங்களாப்பா?” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு எதையுமே கேட்கவில்லை. ஒரு கிணற்றுப் பங்கு காரணமாகப் பதினோரு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த தம் தங்கையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அதற்கு முன்பு இரண்டு முறை சொல்லியிருந்தார். உடம்பு தேறட்டும், போகலாம் என்றோம். தேறாது என்பது எங்களுக்குத் தெரியும். அத்தை வந்தபோது அவரை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம்.

இது குடும்பங்களின் குற்றம் மட்டுமன்று. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகள், நோயின் கடுமையை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. ஆனால் அதே விதி, நிலைமையை அறிந்திருக்க வேண்டியவர்களைக் குறிப்பிடும்போது நோயாளி, உறவினர் அல்லது பொறுப்புள்ள நண்பர் என்று அடுக்கிச் செல்வதால், உறவினரிடம் சொன்னாலே கடமை முடிந்தது என்று கருத இடம் ஏற்பட்டுவிடுகிறது. ஒப்புதல் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தை விட்டுவைக்கவில்லை. மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றிய சமீரா கோலி வழக்கில், உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை இல்லாதபோது, வயதுவந்த, சுயநினைவுக்குத் திரும்பக்கூடிய நோயாளியின் ஒப்புதலுக்கு ஈடாகத் தாயின் ஒப்புதலை ஏற்க முடியாது என்று 2008-இல் தீர்ப்பளித்தது. தேறும் வாய்ப்பற்ற கட்டத்தில் செயற்கை உயிர்காப்புக் கருவிகள் தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்பதையும் 2018-இல் அந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. தமக்கு இருப்பது அல்சர் என்று நம்பவைக்கப்பட்டவர் அப்படி எதை எழுதிவைப்பார்?

எல்லா நோயாளிகளுக்கும் எல்லாவற்றையும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட வேண்டும் என்பது என் வாதமன்று. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், என்னிடம் எதுவும் சொல்லாதீர்கள்” என்று அவர்களே சொன்னால் அதற்குக் கட்டுப்படுவதும் நேர்மைதான். அதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு அனுப்பும் நாளிலேயே, “முடிவு எதுவாக இருந்தாலும் உங்களிடம் நேராகச் சொல்லலாமா, அல்லது வேறு யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று மருத்துவர் நோயாளியிடம் கேட்டு, அவருடைய விடையைக் கோப்பில் குறித்துக்கொண்டால் போதும். ஒப்புதல் படிவங்கள் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு மேலே, ‘என் நோயின் பெயர் எனக்குச் சொல்லப்பட்டது’ என்று ஒரு வரியும், அந்தப் பெயரை நோயாளி தம் கையாலேயே எழுத ஓர் இடமும் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் எழுதும் மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதவும், மக்கள் நல்வாழ்வுத் துறையின் கவனத்துக்கு இது செல்லவும் தாங்கள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தென்காசி மாவட்டம்.