சொல்லை மட்டும் பார்த்து வெட்டாதீர்கள்

சமூக ஊடகங்களில் ரஷ்ய மொழிப் பதிவுகளைத் தணிக்கை செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். ரஷ்ய, உக்ரைன் பகையில் புழங்கும் வசைப் பெயர்களைச் சொற்பட்டியல் வைத்து வடிகட்டுவது போதாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2015-இல் ‘ஹொஹோல்’ என்ற சொல்லுக்காக ஃபேஸ்புக் நிறுவனம் பதிவுகளை நீக்கியது. உக்ரைனியர்களை இழிவுபடுத்தும் பழைய சொல் அது. சரி, நீக்கட்டும். ஆனால் ரஷ்ய ஊடகக் கண்காணிப்புத் துறையின் துணைத் தலைவர் மக்சிம் க்சென்சோவ், அந்தச் சொல் வரும் ரஷ்ய மகாகவி புஷ்கினின் கவிதையைப் போட்டுப் பார்த்தார். அதுவும் பறிபோனது. வசை பாடுகிறவர்களுக்கு நீங்களே சாக்கு எடுத்துக் கொடுத்தீர்கள்.

‘உக்ரோப்’ என்றால் சதகுப்பைக் கீரை. உக்ரைன் என்ற பெயரோடு ஒலி ஒத்துப்போவதால் வசையானது. 2014-இல் உக்ரைன் வீரர்களே அதைச் சின்னமாக்கிச் சீருடையில் ஒட்டிக்கொண்டார்கள். மறு வருடம் அந்தப் பெயரில் ஒரு கட்சியே வந்தது. இதைப் பட்டியலில் சேர்த்தால் யார் வாயை அடைப்பீர்கள்?

‘கொலராடோ’ கதை வேறு. உருளைக்கிழங்குச் செடியைத் தின்னும் கோடு போட்ட வண்டு அது. ரஷ்ய ஆதரவாளர்கள் அணியும் கறுப்பு, ஆரஞ்சு நாடாவைப் பார்த்து உக்ரைன் தரப்பினர் அவர்களுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 2014 மே 2 அன்று உக்ரைனின் ஒதெஸ்ஸா நகரில் இரு தரப்புக்கும் நடந்த மோதல்களில் 48 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் ரஷ்ய ஆதரவாளர்கள். அவர்களில் 42 பேர் தொழிற்சங்கக் கட்டடத் தீயில் சிக்கியவர்கள். அதன்பின், வண்டுகள் வறுபட்டன என்று இணையத்தில் கேலி செய்தார்கள். மனிதனைப் பூச்சி என்று சொல்லிப் பழகினால், அவன் எரிந்து செத்தாலும் சிரிக்க முடிகிறது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. 2013-14-இல் உக்ரைன் தலைநகர் கீவில் மைதான் என்ற சதுக்கத்தில் கூடி அரசை எதிர்த்த போராட்டக்காரர்களை ‘மைதவுன்’ என்றார்கள். மைதானோடு, பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற குறைபாட்டின் பெயரை ஒட்டிய சொல். எந்த அரசியலிலும் இல்லாத குழந்தைகளின் உடற்குறையை எடுத்துப் போராட்டக்காரர்கள் மீது வீசினார்கள். அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களும் இதையெல்லாம் படிக்கத்தானே செய்வார்கள்?

ஆகவே, இரு தரப்பு வழக்கும் தெரிந்த ஆட்களை வேலைக்கு வையுங்கள். யார், யாரை, எந்த நேரத்தில் சொல்கிறார் என்று அவர்கள் பார்க்கட்டும். தன்னையே ‘உக்ரோப்’ என்று சொல்லிக்கொள்கிறவரை விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு விவசாயி வண்டைப் பற்றி எழுதினால் அதையும் தொடாதீர்கள். சாவுச் செய்திக்குக் கீழே வந்து ‘கொலராடோ’ என்று சிரிப்பவரின் பதிவைப் புகார் வரும்வரை காத்திராமல் நீக்குங்கள். ‘மைதவுன்’ வசையை யார் எழுதினாலும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ரஷ்ய மொழி கற்ற ஒரு தமிழ் வாசகன்