மனநலம் பாதிக்கப்பட்டோருக்கு ஊராட்சி ஒன்றிய அளவில் மாத்திரையும் பகல்நேர மையமும் கோரி மனு

அனுப்புநர்:
சிகிச்சையில் இருப்பவரின் அக்கா,
முதுகுளத்தூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 34 வயது. 11 வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது காதில் குரல் கேட்பதில்லை, ராத்திரி தூங்குகிறான். அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். தினமும் காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவான். எட்டரை மணி பஸ் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வான். போக அவனுக்கு ஓர் இடம் இல்லை.

மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் போய் நான்தான் மாத்திரை வாங்கி வருகிறேன். மாத்திரை இலவசம்தான், அன்றைய கூலி போய்விடும். போன ஐப்பசியில் காய்ச்சலில் நான் படுத்துவிட்டதால் ஒன்பது நாள் மாத்திரை தவறியது. பத்தாம் நாள், சோற்றில் ஏதோ கலந்துவிட்டேன் என்று தட்டைத் தள்ளினான். அவன் பழையபடி ஆவதற்குள் தை பிறந்துவிட்டது. எங்கள் அம்மாவின் சுகர், பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வாசலுக்கே வருகிறது. அதே பையில் இவன் மாத்திரையும் வரக்கூடாதா?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதலே எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு, இவர்கள் ஊரோடு சேர்ந்து வாழும் உரிமையைச் சொல்கிறது. மனநல மருத்துவமனையிலேயே தங்கிச் சிகிச்சை பெறும் தேவை இனி இல்லாதவர்களுக்குக் குழு இல்லம் போன்றவற்றை அரசு ஏற்படுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு.

சொந்தக்காரர்கள், “ஏர்வாடியில் விட்டுவிட்டு வா” என்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருந்த தனியார் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததை நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் விடமாட்டேன். ஆனால் எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பதுதான் ராத்திரி வரும் கவலை.

ஆகவே எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் இந்த மாத்திரைகள் கிடைக்கவும், மனநல மருத்துவர் வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேர மையமும் வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் சமுதாயக்கூடம் போதும். மதியச் சாப்பாடு, நாலு பேர் பேச்சுத் துணை, கைக்கு ஒரு வேலை. தம்பி பனையோலைப் பெட்டி முடைவான். அவன் ஓரம் கட்டினால் பிரியாது. கற்றுக்கொடுக்கக்கூட அவனால் முடியும்.

மருத்துவச் சீட்டு நகலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் இணைத்துள்ளேன். இதே நிலையில் உள்ள மேலும் ஆறு குடும்பத்தார் பின்பக்கம் கையெழுத்திட்டுள்ளனர். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்