அந்த லிஸ்ட் வேண்டாம்: நம்ம வீட்டு ஓனர்கள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், மத்த ஓனருங்க எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டை குப்பையா வச்சிருக்கிற டெனன்ட்டுங்க பேரை லிஸ்ட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடலாம்னு போன மீட்டிங்ல பேசினோம், நானும் கை தூக்கினேன். இப்ப அந்தக் கையை இறக்கிக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் வாடகைக்கு விட்டிருக்கிற மாடி வீட்டுல தண்ணி கசியுதுன்னு பிளம்பரோட போனேன். சிங்க் நிறைய பாத்திரம், அடுப்பு பக்கத்து சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, லைட் போட்டதும் கரப்பான் நாலா பக்கமும் சிதறி ஓடுது, பாத்ரூம் மூலையில கருப்பா பூஞ்சை. அங்கயே நின்னு டெனன்ட்கிட்ட கத்திட்டேன், அவரோட சின்னப் பொண்ணு கதவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு. அது பத்தாதுன்னு போட்டோ எடுத்து குரூப்லயும் போட்டேன், நீங்க எல்லாரும் பாத்தீங்க, சிலர் சிரிப்பு பொம்மையும் போட்டீங்க.

பிளம்பர் சுவரைத் தட்டிப் பாத்துட்டு, உள்ள போற லைன்தான் சார் கசியுது, இந்தப் பூஞ்சை உங்க பைப்பால வந்ததுன்னுட்டார். ஈரம் காயாம 24லேருந்து 48 மணி நேரம் நின்னாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிரும், ஈரத்தை நிறுத்தாம எத்தனை தடவை தேய்ச்சாலும் திரும்ப வரும். டெனன்ட் கசிவு பத்தி எனக்கு ரெண்டு மெசேஜ் போட்டிருந்தார், பாக்கலாம்னு நான்தான் விட்டேன். பிசுக்கும் பாத்திரமும் அவரோடதுதான், அதை மழுப்ப மாட்டேன்.

இன்னொரு கூத்து, கழுவுங்கன்னு ஆசிட் பாட்டிலும் ப்ளீச்சும் சேத்தே குடுக்கப் போனேன், ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும், பிளம்பர்தான் தடுத்தார்.

அதுக்காக கண்டுக்காம விடுங்கன்னு சொல்லல. வீட்டுக்குள்ள ஓடுற சின்ன ஜெர்மன் கரப்பான் ஒரு முட்டைக் கூட்டுலயே 30, 40 குஞ்சு பொரிக்கும், பைப் சந்து வழியா பக்கத்து வீட்டுக்கும் போயிரும், அதனால ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்து வச்சு பிரயோஜனமில்ல. ஆனா மடிக்காத துணி, கட்டில் மேல கிடக்கிற புத்தகம், இதெல்லாம் நமக்கு எதுக்குங்க? வீட்டைக் கெடுக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரை பாதிக்கிறது, இது ரெண்டு மட்டும்தான் நம்ம பேச்சு.

அக்ரிமென்ட்ல சுத்தமா வச்சிக்கணும்னு ஒரு வரி போட்டுட்டு விட்டுர்றோம், ஆளுக்கொரு சுத்தம், அதை வச்சு என்ன கேக்க முடியும். குப்பையை எப்ப வெளிய வைக்கணும், கசிவு கண்டா எப்படி சொல்லணும், ஓனர் எத்தனை நாளுக்குள்ள சரி பண்ணித் தரணும்னு எழுதுங்க. குடி வர்ற அன்னிக்கே ரூம் ரூமா போட்டோ எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வீட்டைப் பாக்கணும்னா ஒரு நாள் முன்னாடியாவது சொல்லிட்டுப் போங்க, சாவி இருக்குன்னு திறந்துட்டுப் போகாதீங்க. அட்வான்ஸ்ல பிடிச்சா பில்லைக் காட்டிப் பிடிங்க, பெயின்ட் மங்கினதுக்கெல்லாம் பிடிக்கக் கூடாது, அது தேய்மானம். கரண்ட்டை தண்ணியை நிறுத்துறேன்னு கிளம்பினா கேஸ் நம்ம மேலதான் திரும்பும்.

நடக்க வழியில்லாம மூட்டை மூட்டையா சேத்து வைக்கிறவங்க விஷயம் வேற. அது நோயாவும் இருக்கலாம், உலக சுகாதார நிறுவனத்தோட, 2022ல நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியல்லயே அது இருக்கு. அவங்க பேரை குரூப்ல போட்டா கதவை இன்னும் இறுக்கி சாத்திக்குவாங்க, அவ்வளவுதான்.

குரூப்ல போட்ட போட்டோவை அழிச்சிட்டேன், என் டெனன்ட்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். பைப் மாத்தின வாரமே அவரும் அடுப்படியை தேய்ச்சு முடிச்சிட்டார், ஆனா படியில பாத்தா இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல.

லிஸ்ட் போட்டே தீருவோம்னா, ரிப்பேரை தள்ளிப் போடற ஓனருங்க லிஸ்ட்டையும் பக்கத்துலயே போடுங்க. அதுல முதல் பேர் என்னோடது.

இப்படிக்கு,
மாடி வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிற ஒரு உறுப்பினர்